பஸ்ஸில் சட்டை மாற்றும் பெண்

பின்னிரவு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓடும் ஒரு பஸ். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கூட வந்த தோழி முன்பே இறங்கிவிட்டாள். இவள் தொப்பியைக் கழற்றுகிறாள், தலையில் இறுக்கிக் கட்டியிருந்த துணியை அவிழ்க்கிறாள். தொளதொளவென்று தொங்கும் பையன்கள் சட்டையைத் தலைவழியாக உருவினால் உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன். அப்புறம் காதுக்குத் தோடு. பழகிய கைகள், தினமும் செய்கிற வேலை என்பது பார்க்கும்போதே தெரிகிறது. அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது, உள்ளே தூங்காமல் காத்திருக்கும் அம்மா எதிர்பார்க்கிற மகளாக ஏறக்குறைய மாறியிருக்கிறாள்.

வசனமே இல்லாத இந்தச் சில நிமிடங்களில் படம் தன் சங்கதி முழுவதையும் நம் முன் வைத்துவிடுகிறது. டீ ரீஸ் எழுதி இயக்கி 2011இல் வெளிவந்த அமெரிக்கச் சுயாதீனப் படம் இது. கவிதை எழுதும் கறுப்பினப் பெண் ஒருத்தி, தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பதை வீட்டில் சொல்ல முடியாமல் இரண்டு உடைகளுக்கு நடுவே வாழ்கிற கதை. படத்தின் பெயர் 'பரையா'.

பெயரை எழுதும்போதே தமிழ்க் கை கொஞ்சம் தயங்கும். ஊரால் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாகப் புழங்கும் இந்தச் சொல் நம்மிடமிருந்து போனது. பறை என்ற கருவியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு சாதியின் பெயர், ஐரோப்பியப் பயணிகள் வழியாகப் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்துக்குள் நுழைந்தது. 1613இலேயே அச்சில் வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதி உதிர்ந்துபோய், 'யாராலும் சேர்த்துக்கொள்ளப்படாத ஆள்' என்ற பொதுப் பொருள் மட்டும் மிஞ்சியது. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதர்களைப் பற்றி எழுதும்போதுகூட இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். மேற்கு நாடுகளில் இதைச் சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு இதன் ஊர் எது என்றே தெரியாது. இங்கேயோ அது இன்றும் வசையாக வீசப்படுகிற பெயர். அதனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே உறுத்துகிறது என்று தலித் எழுத்தாளர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த உறுத்தல் நியாயமானது. ஆனால் இன்னொன்றும் உண்டு: 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய பத்திரிகைக்கு அவர் வைத்த பெயரே 'பறையன்'. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பில் ஏற்றி, 'ஆமாம், நான்தான், இப்போது என்ன?' என்று கேட்பது இங்கே நூற்றிமுப்பது வருடப் பழக்கம். தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களையும் அவர்களைப் போன்றவர்களையும் குறிக்கும் 'குயர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே கதைதான். தெருவில் வசையாக இருந்ததைத்தான் எடுத்துக் கொடியாக்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் யோசித்து டீ ரீஸ் தலைப்பு வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதற்காக வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் தமிழில் பார்க்கிறவர் தலைப்பிலேயே ஒரு கேள்வியோடு உள்ளே போவார்: ஒதுக்கப்பட்டவர் என்று இந்தப் படம் யாரைச் சொல்கிறது? அதற்கான பதில் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

டீ ரீஸ் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்துக்காரர். அப்பா போலீஸ்காரர், அம்மா விஞ்ஞானி. ரீஸ் நிர்வாகவியல் படித்துவிட்டுப் பெரிய கம்பெனிகளில் மார்க்கெட்டிங் வேலை பார்த்தவர். பாதப் பராமரிப்புப் பொருள் ஒன்றுக்கு விளம்பரப் படம் எடுக்கும் இடத்தில் நின்றபோதுதான், தனக்குப் பிடித்தது பொருளை விற்பதல்ல, படம் எடுப்பதுதான் என்று பட்டதாம். வேலையை விட்டு நியூயார்க் பல்கலைக்கழகத் திரைப்படப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் இயக்குநர் ஸ்பைக் லீ. லீயின் 'இன்சைட் மேன்' படப்பிடிப்பில் பயிற்சி மாணவியாக இருந்த நாட்களில்தான் இந்தத் திரைக்கதையை எழுதத் தொடங்கினார்.

எழுதத் தூண்டியது அவருடைய சொந்த வாழ்க்கை. இருபத்தேழு வயதில்தான் தன்னைப் பற்றி வீட்டில் சொன்னார். செய்தி கேட்டதும் பெற்றோர் மகளை 'மீட்க' நாஷ்வில்லிலிருந்து கிளம்பி நியூயார்க்குக்கே வந்துவிட்டார்கள். அதே காலத்தில், பதினாறு பதினேழு வயதிலேயே தாங்கள் யார் என்று தெரிந்து தைரியமாக நடமாடும் பெண்பிள்ளைகளை அவர் பார்த்தார். அந்த வயதில் தனக்கு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான், பஸ்ஸில் சட்டை மாற்றும் அலீக்கே என்ற கதாபாத்திரம்.

முழுநீளத் திரைக்கதையை முதலில் எழுதிவிட்டு, அதன் முன்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து 2007இல் பட்டப்படிப்புக்கான குறும்படமாக எடுத்தார். அது விழா விழாவாகச் சுற்றிப் பரிசுகள் வாங்கியது. முழுப்படத்துக்குப் பணம் திரட்ட அதற்குப் பிறகும் வருடங்கள் பிடித்தன. தயாரிப்பாளர் நெகீசா கூப்பரும் சினிமாக்காரர் அல்ல. அவரும் கம்பெனி வேலையிலிருந்து வந்தவர்தான். புரூக்ளினின் ஃபோர்ட் கிரீன் பகுதியில், மூன்று வாரத்துக்கும் குறைவான நாட்களில் படப்பிடிப்பை முடித்தார்கள். செலவு ஐந்து லட்சம் டாலரைத் தாண்டவில்லை. அமெரிக்கக் கணக்கில் அது ஒரு படத்தின் சாப்பாட்டுச் செலவு மாதிரி. 2012இல் இந்தப் படத்துக்குக் கிடைத்த ஜான் கசாவெட்டஸ் விருது, அப்போது ஐந்து லட்சம் டாலருக்குள் எடுத்த படங்களுக்கென்றே சுயாதீனத் திரைத்துறையினர் வைத்திருந்த விருது.

சரி, படத்துக்கு வருவோம். இளம் வயதினர் வளர்ந்து பெரியவராகும் கதையைச் சொல்லும் இந்த வகைப் படங்களை ஆங்கிலத்தில் 'கமிங் ஆஃப் ஏஜ்' என்று அழைப்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் 'வயதுக்கு வருதல்' என்று தமிழாக்கினால் பந்தலும் புட்டும் தாய்மாமன் சீரும்தான் நினைவுக்கு வரும். நம் பேச்சில் 'ஆளாவது' என்று ஒன்று இருக்கிறதே, அது இன்னும் வேடிக்கை. பெண் ஆளானாள் என்றால் அது உடம்பின் காரியம். பையன் ஆளாகிவிட்டான் என்றால் சொந்தக் காலில் நிற்கிறான் என்று பொருள். ஒரே வினைச்சொல், ஆளுக்கேற்ப இரண்டு அர்த்தம். அலீக்கே படத்தில் முயல்வது அந்த இரண்டாவது அர்த்தத்தில் ஆளாவதற்கு.

குயர் படங்களில் வழக்கமாக ஒரு 'கண்டுபிடிப்பு' இருக்கும். நாயகனோ நாயகியோ பாதிப் படம் குழம்பி, ஒரு கட்டத்தில் தான் யார் என்று உணர்வார்கள். இங்கே அது கிடையாது. அலீக்கேவுக்கு முதல் காட்சியிலேயே தெரியும். பெண்கள் பெண்களுக்காக ஆடும் கிளப்பில் தோழி லாராவோடு உட்கார்ந்திருக்கிறாள். தெரியாதது வேறு: எப்படி இருப்பது? லாராவைப் போலத் தொப்பியும் நடையும் சவடாலுமாக இருப்பதா? அம்மா வாங்கிவந்த ரோஸ் நிற மேல்சட்டைக்குள் இருப்பதா? இரண்டுமே அவளுக்கு அளவு சரியில்லாத உடைகள். கிளப்பில் அவள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் அதே விறைப்பு அங்கேயும் இருக்கும்.

இந்தக் குறிப்பை ஒளியிலும் எழுதியிருக்கிறார் ஒளிப்பதிவாளர் பிராட்ஃபர்ட் யங். அலீக்கே ஒரு பச்சோந்தி, அவளுக்கென்று நிறம் இல்லை, சுற்றியிருக்கும் வெளிச்சமே அவள் மேல் பூசப்படுகிறது என்பது ரீஸ் சொன்ன விளக்கம். கிளப்பில் ஊதாவும் சிவப்பும் அவள் கன்னத்தில் வழிகின்றன. வீட்டுக்குள் வேறு நிறம், பின்னால் நெருக்கமாகும் இன்னொரு பெண்ணான பீனாவின் அறையில் வேறு நிறம். கறுப்புத் தோலை இருட்டில் படம் பிடிக்கத் தெரியாமல் முகத்தைச் சாம்பல் பூத்தாற்போல் ஆக்கிவிடும் படங்கள் ஏராளம். யங்கின் வெளிச்சத்தில் அந்தத் தோல் ஒளியை வாங்கி மினுங்குகிறது. சுயாதீனப் படங்களுக்குப் பேர்போன சண்டான்ஸ் விழாவில் 2011இல் அமெரிக்கக் கதைப்பட ஒளிப்பதிவுக்கான விருது அவருக்குக் கிடைத்தது. சில வருடங்களில் 'அரைவல்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனார்.

அவள் கவிதை எழுதுகிறவள் என்பதை நிறைய விமர்சனங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டன. எனக்கு என்னவோ படத்தின் முதுகெலும்பே அதுதான் என்று தோன்றுகிறது. பள்ளியில் ஆசிரியை ஒருவர் அவள் கவிதையைப் படிக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னும் ஆழமாகப் போகலாம் என்கிறார். யோசித்துப் பார்த்தால் அந்த இடத்தில் அது கொடுமையான அறிவுரை. வீட்டில் எதையும் மறைத்து, பஸ்ஸில் சட்டை மாற்றி, ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பேசப் பழகியவளிடம் போய், எழுத்தில் மட்டும் எதையும் மறைக்காதே என்றால்? கவிதை மேலோட்டமாக இருப்பதற்கும் தோடு மாட்டிக்கொள்வதற்கும் காரணம் ஒன்றே. அதனால்தான் இந்தப் படத்தில் எழுத்துக்காரி ஆவதும் உண்மையைச் சொல்வதும் இரண்டு தனித்தனிக் கதைகளாக இல்லை.

பணமில்லாமல் அல்லாடும் கலைஞர்களைச் சினிமாவில் நிறையப் பார்த்திருக்கிறோம். வாடகை பாக்கி, காலிப் பாத்திரம், ஜன்னலோரச் சிகரெட். அலீக்கேவின் பஞ்சம் வேறு மாதிரி. நடுத்தர வர்க்க வீடு, அப்பா துப்பறியும் பிரிவில் போலீஸ் அதிகாரி, படிப்புக்குக் குறைவில்லை. அவளுக்குத் தட்டுப்பாடு உண்மை பேசும் இடத்துக்குத்தான். காசுக்கு அல்லாடுவது லாரா. தாய் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு அக்காவோடு தங்கி, வேலை பார்த்துக்கொண்டே, விட்டுப்போன பள்ளிப் படிப்புக்கு ஈடான தேர்வுக்குப் படிக்கிறாள். தேர்வில் தேறியதும் அம்மாவின் வாசலுக்குப் போய் அதைச் சொல்கிறாள். அம்மா ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்துகிறாள். ஒரு நிமிடம் வருமா அந்தக் காட்சி? லாராவாக நடித்த பெர்னெல் வாக்கரின் முகத்தை அதற்குப் பிறகு மறக்க முடியாது.

மகளை 'அந்தக் கூட்டத்திலிருந்து' பிரிக்க, தன்னோடு வேலை பார்க்கும், ஒரே தேவாலயத்துக்கு வரும் பெண்ணின் மகளான பீனாவோடு பழகச் சொல்லி வற்புறுத்துகிறாள் அம்மா ஆட்ரி. 'நல்ல குடும்பத்துப் பெண்' என்ற நம்பிக்கை. அந்த நல்ல குடும்பத்துப் பெண்தான் அலீக்கேவை முத்தமிடுகிறாள். விடிந்ததும் அதே பெண், தான் ஒன்றும் 'அந்த மாதிரி' இல்லை, சும்மா ஒரு இதுக்குத்தான் என்கிறாள். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறாள். இதில் இருக்கும் கேலி கசப்பானது. ஆனால் படம் அதைத் தட்டிக்காட்டிச் சிரிக்கவில்லை. அலீக்கே வீட்டுக்கு வந்து தன் அறையை அடித்து நொறுக்குகிறாள்.

இப்போது அந்தத் தலைப்புக் கேள்விக்குத் திரும்பலாம். ஆட்ரியாக நடித்திருப்பவர் கிம் வேயன்ஸ். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவைக்குப் பேர்போன குடும்பத்திலிருந்து வந்தவர். இங்கே சிரிப்பு என்பதே மறந்துபோன பெண்ணாக வருகிறார். படம் இந்த அம்மாவை வில்லியாக்கிவிட்டுப் போயிருக்கலாம், பார்வையாளர்களும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக, வேலையிடத்தில் அவள் மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தைக் காட்டுகிறது. கூட வேலை பார்ப்பவர்கள் அவளைத் தங்கள் பேச்சில் சேர்த்துக்கொள்வதில்லை. இரவில் வீட்டுக்கு வரும் கணவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் அப்பாவின் ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள், இவள் சொல்வதற்குக் கண்ணை உருட்டுகிறார்கள். அந்த வீட்டில், அந்தத் தேவாலயத்து உலகத்தில், எல்லா விதிகளையும் ஒழுங்காகப் பின்பற்றிய பெண்ணும் தனித்துத்தான் கிடக்கிறாள். மகளுக்காவது லாரா இருக்கிறாள். ஆட்ரிக்கு ஒருவரும் இல்லை.

அப்பா ஆர்தர் இன்னொரு ரகம். சார்ல்ஸ் பார்னெல் அவரை மிக நல்ல மனிதராகவே நடித்திருக்கிறார், அதுதான் சங்கடம். மகள் மேல் உயிர். ஆனால் தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரர். மதுக்கடையில் அக்கம்பக்கத்து ஆள் ஒருவன் மகளைப் பற்றிச் சாடையாக ஏதோ சொல்லும்போது அவர் முகம் இறுகுகிறதே, அதில் கோபத்தோடு பயமும் இருக்கிறது. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். நம் வீடுகளிலும் இந்த அப்பாக்களை நமக்குத் தெரியும்.

கடைசியில் பதில் வரத்தான் செய்கிறது. கீழே அப்பாவும் அம்மாவும் கத்திக்கொள்கிறார்கள். அதற்கு முன் ஒரு இரவு, இதே போன்ற சண்டைச் சத்தத்தின்போது, தங்கை ஷரோண்டா அக்காவின் படுக்கையில் வந்து படுத்துக்கொண்டு, தனக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று மெல்லச் சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லாமலே பெரிய காரியத்தைச் சின்னப் பெண் முடித்துவிடுகிறாள். பெரியவர்களுக்கு அது கைவரவில்லை. மகள் ஆண்பிள்ளையாகவே மாறிக்கொண்டிருக்கிறாள், உனக்குக் கண் தெரியவில்லையா என்று ஆட்ரி கத்த, அதெல்லாம் இல்லை என்று அவளிடம் சொல் என்று ஆர்தர் மகளைக் கெஞ்சுகிறார். ஒரு பொய் கேட்கிறார். தினமும் இரவில் பஸ்ஸில் அந்தப் பொய்யைத் தானே உடுத்திக்கொண்டு வந்தவள், அப்பாவே கெஞ்சிக் கேட்கும்போது தர மறுக்கிறாள். தான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறாள். அம்மாவின் அடி முகத்தில் விழுகிறது.

அலீக்கேவாக நடித்த அடெபெரோ ஒடூயேவுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டி. குறும்படத்திலும் அவர்தான். நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிக்கத் தயாராகிக்கொண்டிருந்து நடிப்புக்குத் திரும்பியவர். பதினேழு வயதைப் பேச்சில் காட்ட முயலாமல், தோளைக் குறுக்குவதிலும் கண்ணைத் தாழ்த்துவதிலும் காட்டினார். 2012 கோல்டன் குளோப் மேடையில் விருதோடு நின்ற நடிகை மெரில் ஸ்ட்ரீப், பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லாத இவருடைய பெயரைச் சொன்னார். நிறையப் பேர் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

அந்த மேடை வரை போன படம் தியேட்டரில் ஓடியதா என்றால், இல்லை. சண்டான்ஸ் தொடக்க நாளில் திரையிடப்பட்டு, ஃபோக்கஸ் ஃபீச்சர்ஸ் நிறுவனம் வாங்கி, 2011 டிசம்பர் கடைசி வாரத்தில் வெளியிட்டது. அமெரிக்காவில் மொத்த வசூல் எட்டு லட்சம் டாலருக்கும் குறைவு. ரீஸின் அடுத்த திரையரங்குப் படமான 'மட்பவுண்ட்' வர 2017 ஆகிவிட்டது. இடையில் தொலைக்காட்சிக்காக 'பெஸ்ஸி' எடுத்தார். 'மட்பவுண்ட்' திரைக்கதைக்காக, தழுவல் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் 'பரையா'வைச் சேர்த்தது. வெளிவந்து பதினோரு வருடத்தில் அந்தப் பட்டியலில் இடம்பிடிப்பது சுலபமல்ல. பத்து வருடம் ஆகாத படத்தை எடுக்கவே மாட்டார்கள்.

படம் தொடங்கும்போது திரையில் ஆட்ரி லார்டின் ஒரு வரி வரும். காலில்லாப் பறவை பறந்துபோன இடமெல்லாம் கிளையில்லா மரங்களாகவே இருந்தன என்கிற மாதிரி ஒரு வரி. கறுப்பினக் கவிஞர், பெண்களை நேசித்தவர். சின்ன வயதில் தன் பெயரின் ஆங்கில எழுத்துக்களில் கடைசியான 'y' பிடிக்காமல் தானே அதை வெட்டிப்போட்டவர். வெட்டப்பட்ட அந்த எழுத்தோடு சேர்த்து எழுதினால் வருவதுதான் படத்தில் அம்மாவின் பெயர். தற்செயலாகவே இருக்கலாம், ஆனாலும் இரண்டாம் முறை பார்க்கும்போது எனக்கு அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. தனக்கு வைத்த பெயரைத் திருத்திக்கொண்டவள் ஒருத்தி, வைத்தபடியே இருந்துவிட்டவள் ஒருத்தி.

அடிக்குப் பிறகு அலீக்கே லாராவின் வீட்டில் தங்குகிறாள். அப்பா அவளைப் பார்க்க மொட்டை மாடிக்கு வருகிறார். திரும்பி வா என்கிறார். தான் ஓடிப்போகவில்லை, தேர்ந்தெடுத்துப் போகிறேன் என்கிறாள் அவள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் எழுத்துப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆசிரியை கேட்ட அந்த ஆழமான கவிதையை இப்போது எழுதிவிட்டாள். உடைவதும் திறப்பதும் ஒன்றுதான் என்று அதில் வருகிறது. போவதற்கு முன் அம்மாவைப் பார்த்து, உன் மேல் எனக்கு அன்பு உண்டு என்கிறாள். உனக்காக ஜெபம் செய்வேன் என்கிறாள் ஆட்ரி. கேட்டதற்கான பதில் அது இல்லை. அந்த அம்மாவிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

அப்புறம் மறுபடியும் பஸ். இப்போது பகல். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், கைகள் சும்மா இருக்கின்றன.